ஆலா தண்ணீரில் உட்காராது

மாலையில் எங்கள் வீட்டில் ஆறு மணி ஒரே தடவையில் அடித்து முடியாது. பண்டாரவளைக் கடைத்தெருவின் கீழ்க்கோடியில் வாப்பா வைத்திருந்த ‘ஒரலோசுக் கடை’யும், அதன் பின்கட்டில் நாங்கள் குடியிருந்த மூன்று அறைகளும் ஒரே கூரைக்குக் கீழே இருந்தபடியால், பழுதுபார்க்க வந்து சுவர் முழுக்கத் தொங்கிக்கொண்டிருக்கும் மணிக்கூடுகள், ஒன்று சொன்னதை மற்றது மறுப்பதுபோல, நாலைந்து நிமிடம் வரை மாறி மாறி ஆறு அடித்துக்கொண்டிருக்கும். ஒக்டோபர் நடுப்பகுதி வந்துவிட்டால் அந்தச் சத்தங்களுக்கு இடையே பின்வளவுக் கொய்யா மரத்தடியிலிருந்து இரண்டே சுரத்தில் ஒரு சீழ்க்கை கேட்கும். ஆறுமணிக்குருவி. அடுப்படியில் இருக்கும் உம்மா, வெளிநாட்டிலிருந்து உறவுக்காரர் வந்து இறங்கியதுபோல, “வந்துட்டாரு” என்பார். அன்றைக்கு வாப்பாவுக்குப் போகும் தேநீரில் சீனி கொஞ்சம் கூடுதலாக இருக்கும்.

உம்மாவின் பெயர் சுலைஹா. பதுளையில் பிறந்து, ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பதினெட்டு வயதில் பண்டாரவளைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவர். எனக்குத் தெரிந்த மற்ற உம்மாமார்களைப் போலத்தான் அவரும் சமைத்தார், தைத்தார், என்னையும் தம்பியையும் அடித்தார், அணைத்தார். ஆனால் எங்கள் வீட்டில் ‘தூரக்கண்ணாடி’ ஒன்று இருந்தது. மற்ற வீடுகளில் அது இல்லை.

தேயிலைத் தோட்டங்களை அரசாங்கம் எடுத்த வருஷம் அது வந்தது. பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் கார் டிரைவர் ராமையா அதைப் பழைய துவாயில் சுற்றிக் கொண்டுவந்து வாப்பாவின் மேசையில் வைத்தார். அவருடைய தொரை பறவை பார்க்க வாங்கியதாம். பாறையில் விழுந்து, உள்ளே இருந்த கண்ணாடிக் கட்டிகள் இடம் நழுவி, பார்ப்பதெல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தது. இரண்டு மாதம் கழித்து ராமையா வெறுங்கையோடு வந்து நின்றார். “தொரை சீமைக்குப் போயிட்டாருங்க நானா. பங்களாவுல புது ஆளு வந்திருக்காங்க. இத யாரும் கேக்கல. உங்ககிட்டயே இருக்கட்டும்.” வாப்பா அதைச் சொந்தமென்று எடுத்துக்கொள்ளவில்லை. அமானிதப் பொருள், என்றைக்காவது கேட்டு வருவார்கள், வரும்போது பழுதில்லாமல் கொடுக்க வேண்டும் என்று சொல்லி, அதற்காகவே உட்கார்ந்து திருத்தினார்.

திருத்தி முடித்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். தன் கண் சரியாகப் பார்க்கிறதா என்ற சந்தேகத்தில் வாப்பா உம்மாவைக் கூப்பிட்டு, பின்வாசலில் நிற்கவைத்து, கண்ணாடியைக் கையில் கொடுத்தார்.

“ஒண்ணாத் தெரியுதா, ரெண்டாத் தெரியுதா?”

உம்மா கண்ணாடியைக் கண்ணோடு இன்னும் அழுத்திக்கொண்டார். 

“சுலைஹா, கேக்குறேன்ல?”

“ஒண்ணுதான். வயிறு மஞ்சள். வாலை ஆட்டிக்கிட்டே இருக்கு. கால்ல சேறு ஒட்டியிருக்கு,” என்றார் உம்மா. தண்ணீர் ஓடும் கானோரத்தில் வந்து நின்ற வாலாட்டிக்குருவி அது. வாப்பா கையை நீட்டினார். உம்மா கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷம் கொடுக்கவில்லை.

சுபஹுத் தொழுகை முடிந்து அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் கிடைக்கும் கால் மணி நேரம் உம்மாவுடையது. எதிர்ச் சரிவில் தேயிலை, கீழே கான், வேலியோரம் கொய்யாவும் பேரிக்காய் மரமும். பனிக்காலத்தில் மட்டும் வந்து போகிறவை எவை, வருஷம் முழுக்க இருப்பவை எவை என்று அவராகவே பிரித்துக்கொண்டார். பெயர் சொல்ல ஆளில்லாததால் தானே பெயர் வைத்தார். கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை கட்டிய கீச்சான் ‘முகமூடி’. கம்பியில் வரிசையாக வந்து குந்தும் தகைவிலான்கள் ‘பள்ளிக்கூடப் பிள்ளைகள்’. நான் எழுதி முடித்த அப்பியாசக் கொப்பிகளின் பின்பக்கங்களில் அவற்றைப் பற்றிக் கோணல் எழுத்தில் குறித்து வைப்பார். எங்கே உட்காருகிறது, எதைத் தின்கிறது, எப்படிப் பறக்கிறது, யாரைக் கண்டு பயப்படுகிறது, இவ்வளவுதான் இருக்கும். நான் நகரப் பாடசாலையில் படிக்கிற பெருமையில் ஒருநாள், “உம்மா, சரியான பேர் தெரியாம எழுதி என்ன பிரயோசனம்?” என்று கேட்டேன். “பேர் நம்ம வைக்கிறது. பழக்கம் அதோடது. பழக்கத்தைப் பாரு,” என்றார்.

உம்மாவின் தாத்தா, அதாவது அக்கா, எங்கள் பெரியும்மா, கிழக்குக் கரையில் பொத்துவில்லில் வாழ்க்கைப்பட்டிருந்தார். டிசம்பர் விடுமுறையில் எங்களை அங்கே அனுப்பிவிட்டு வாப்பா கடையைப் பார்த்துக்கொள்வார். பதுளைக்கு வந்து பஸ் மாறி, பசறை வளைவுகளில் தேசிக்காயை முகர்ந்துகொண்டே வாந்தியை அடக்கி, மொனராகலையில் இறங்கிக் குளிர்ச்சட்டைகளைக் கழற்றிப் பையில் திணித்து, மறுபடி பஸ் ஏறி, முதுகெல்லாம் புழுதியோடு போய்ச் சேரும்போது பின்னேரம், அஸர்த் தொழுகை நேரம் ஆகிவிடும். உம்மா முதன்முதலில் கடலைப் பார்த்தது அந்தப் பயணமொன்றில்தான், முப்பது வயது தாண்டியபின். கண்ணாடி வந்தபிறகு மூன்று டிசம்பர்கள் அங்கே போனோம். நான் சொல்ல வருவது மூன்றாவது டிசம்பரை. அப்போது எனக்குப் பதினொரு வயது.

பொத்துவில்லின் கடலோரக் களப்பை அந்தப் பருவத்தில் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மாரி மழையில் தண்ணீர் பெருகி, கரையெல்லாம் சேறாகி, அந்தச் சேற்றில் உள்ளான்கள் ஆயிரக்கணக்கில் குத்திக் குத்தி மேயும். நடுத்தண்ணீரில் ஊசிவால் வாத்துகள் கூட்டம் கூட்டமாக மிதக்கும். ஒரு பருந்து மேலே வந்தால் அத்தனையும் ஒரேயடியாக எழும்பி, தலைக்கு மேலே சேலையை உதறினாற்போல் திரும்பும். கடல் பக்கம் மணல்திட்டில் ஆலாக்கள், எல்லாம் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும். வெள்ளை உடம்பு, கறுப்புக் கொண்டை, மஞ்சள் அலகு. இரண்டாவது வருஷத்துக் கொப்பியில் உம்மா எழுதியது இன்னும் எனக்கு மனப்பாடம்: ‘வாத்து தண்ணியில உக்காரும். ஆலா தண்ணியில விழும், எழும்பும், உக்காராது. களைச்சா கரைக்கு வரும், இல்லாட்டி தோணி விளிம்பு.’

பெரியும்மாவின் கணவரைப் பெரியவாப்பா என்று கூப்பிடுவோம். நல்ல மனிதர், பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார். ஊரில் யாருக்கு எது நடந்தாலும் அவரிடம் வந்து சொல்வார்கள். அந்த வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வந்தவர், சாப்பிட உட்காராமல் முற்றத்தில் நின்றபடியே பேசினார்.

“தங்கச்சி, குறையா நினைக்காதீங்க. ஊருல கத வருது. கடக்கரையில ஆம்புளையள் வல இழுக்கக்குள்ள, மலநாட்டுப் பொம்புள ஒண்டு கண்ணாடி வெச்சிப் பாத்துக்கிட்டு இரிக்கி எண்டு பேசுறாங்க.”

“நான் பறவையத்தான் மச்சான் பாக்குறேன்,” என்றார் உம்மா.

“எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதே. அந்தச் சாமான அலுமாரிக்குள்ள வெச்சிருங்க. ஊருக்குப் போகக்குள்ள எடுப்போம்.”

உம்மா தலையாட்டினார். கண்ணாடியைத் துடைத்து, துவாயில் சுற்றி, பெரியும்மாவிடம் கொடுத்தார். பெரியும்மா அலுமாரியைப் பூட்டிச் சாவியைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டார். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. அன்று இரவு உம்மாவிடம், “இனி இந்த ஊருக்கு வரவேண்டாம்” என்றேன். “ஏன்? களப்பு என்ன பண்ணுச்சு?” என்று கேட்டுவிட்டு உம்மா திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் தூங்கவில்லை என்பது மூச்சிலேயே தெரிந்தது.

மூன்றாம் நாள் காற்று மாறியது. கடல் கொந்தளித்ததால் தோணிகளைக் கரையில் ஏற்றிக் கவிழ்த்துவிட்டார்கள். விடியுமுன் போன ஒரு தோணி மட்டும் திரும்பவில்லை. அதில் போனவர்கள் உதுமாலெவ்வை, கலீல் என்ற அண்ணன் தம்பிகள். யாரும் பெரிதாகக் கலவரப்படவில்லை. காற்று இப்படித் திரும்பினால் தெற்கே பாணமைப் பக்கம் ஒதுங்கிக் கரையேறி, மறுநாள் நடந்து வருவது வழக்கம்தானாம்.

நடுப்பகல் லுஹருக்குப் பிறகு மழை கொஞ்சம் விட்டிருந்த நேரம், வீட்டுக்குப் பின்னாலிருந்த மணல்மேட்டில் துணி காயப்போட உம்மாவும் நானும் ஏறினோம். உம்மா ஈரச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

“மகள், அங்க பாரு. வெள்ளையா, வரிசையா.”

வெகுதூரத்தில், சாம்பல் நிறக் கடலின்மேல், சுண்ணாம்புப் பொட்டுகள் வைத்தாற்போல் ஏதோ தெரிந்தது. நுரை என்றேன். 

“நுரை கலையும். அது எழும்புது, திரும்ப அதே இடத்துல குந்துது. ஆலா.” பிறகு தனக்குத்தானே சொன்னார்: “ஆலா எப்படித் தண்ணியில உக்காரும்?”

சேலையை மணலில் போட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததேயில்லை. பெரியும்மாவிடம், “தாத்தா, சாவியத் தாங்க” என்றார். பெரியும்மா வாசலைப் பார்த்தார், உம்மாவின் முகத்தைப் பார்த்தார், தலைப்பு முடிச்சை அவிழ்த்தார். “எடு. அவருக்கு நான் சொல்லிக்கிறன்.”

மேட்டில் ஏறிக் கண்ணாடியை வைத்த உம்மா, பார்த்ததை வாய்விட்டுச் சொன்னார். பறவைகளுக்குக் கீழே கறுப்பாக ஒரு கோடு. அலை தூக்கும்போது அது தோணியின் முதுகு. பறவைகள் எழும்புவதற்கு முன்னால் ஒவ்வொரு தடவையும் ஒரு கை உயர்கிறது.

தலையை மூடிக்கொண்டு உம்மா நேராகத் தோணித்துறைக்குப் போனார். பின்னாலேயே நான். அங்கே வாடிக் கொட்டிலுக்குள் ஏழெட்டு மீனவர்கள் வலை பொத்திக்கொண்டிருந்தார்கள். பெரியவாப்பாவும் இருந்தார். உம்மாவின் கையில் கண்ணாடியைக் கண்டதும் அவர் முகம் கறுத்தது. உம்மா அதைப் பார்த்தும் நிற்கவில்லை.

“மச்சான், கடல்ல தோணி கவுந்து கெடக்கு. ஆள் புடிச்சிக்கிட்டு இருக்காங்க. நான் இதால பாத்தேன்.”

ஒருவர் எழுந்து கண்ணாடியை வாங்கி, கரையில் நின்று பார்த்தார். “ஒண்டும் தெரியல்ல. நாலஞ்சி ஆலா தண்ணில குந்திக்கிட்டு இரிக்கி. அவ்வளவுதான்.”

“ஆலா தண்ணியில குந்துமா?” என்று உம்மா கேட்டார்.

 வலை பொத்திக்கொண்டிருந்த கைகள் நின்றன. பிறந்ததிலிருந்து கடலில் கிடந்தவர்கள் அவர்கள். அந்தக் கேள்விக்குப் பதில் அங்கே இருந்த எல்லாருக்கும் தெரியும். கடைசியில் மூலையிலிருந்த வயதானவர் ஊசியைக் கீழே வைத்தார். “குந்தா. ஆலா தண்ணில குந்தா. எழும்புங்கடா.”

இயந்திரம் பூட்டிய தோணியைத் தள்ளி இறக்குவதற்குள் மூன்று முறை அலை திருப்பியடித்தது. நான்கு பேர் ஏறினார்கள். தண்ணீர் மட்டத்தில் போகிறவர்களுக்கு அலைதான் தெரியும், தூரத்துப் பறவை தெரியாது என்பதை உம்மா உடனே புரிந்துகொண்டார். “நான் மேட்டுல நிக்கிறேன். வெள்ளைத் துணி காட்டுறோம். துணி எந்தப் பக்கம் சாயுதோ அந்தப் பக்கம் போகச் சொல்லுங்க” என்று பெரியவாப்பாவிடம் சொல்லிவிட்டு, கண்ணாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடினார். பெரியும்மா வெள்ளைக் கட்டில் விரிப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றார். காற்றில் உம்மாவின் கையிலிருந்த கண்ணாடி ஆடியது. அவர் என்னை முன்னால் நிறுத்தி, என் தோள்களில் இரண்டு முழங்கைகளையும் ஊன்றிக்கொண்டார்.

“அசையாத மகள். மூச்சையும் மெதுவா விடு.”

அப்படி எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. நான் கண்டது சாம்பல் கடல் மட்டும். தலைக்கு மேலே உம்மாவின் குரல்: “வலப்பக்கம்... இன்னும்... நேரா... தாத்தா, இடது, இடது.” விரிப்பு காற்றில் படபடத்துச் சாயும். நடுவில் தெற்கிலிருந்து மழை இறங்கியது. ஆலாக்கள் எழும்பிப் போய்விட்டன. என் தோளிலிருந்த முழங்கைகள் இறுகின. “போயிருச்சு” என்றார் உம்மா. ஆனால் கண்ணாடியை அவர் இறக்கவில்லை. ஒரு விரற்கடை நகர்த்தவுமில்லை. பறவை இருந்த இடத்தைப் பார்த்தபடியே, மழை முகத்தில் வழிய, “நேரா... நேரா...” என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். அந்த மழைக்குள் தோணியும் மறைந்தது. கீழே கரையில் ஊரே கூடி நின்றது. அந்தச் சகோதரர்களின் தாயார் மணலில் உட்கார்ந்து ஓதிக்கொண்டிருந்தார்.

பொழுது சாய்ந்து, மஃரிபுக்குச் சற்று முன் இயந்திரச் சத்தம் கேட்டது. தோணியில் போனவர்கள் நான்கு பேர், வந்தவர்கள் ஆறு பேர். கரையில் எழும்பிய சத்தத்தைக் கேட்ட பிறகுதான் உம்மா என் தோளிலிருந்து கையை எடுத்தார். அந்த இடம் ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது. பள்ளிக்கூடம் திறந்ததும் அதை யாரிடமாவது காட்ட வேண்டும் என்று ஆசையாக இருந்தேன். அதற்குள் ஆறிவிட்டது.

இரண்டு நாள் கழித்து உதுமாலெவ்வை, தம்பியின் தோளைப் பிடித்தபடி வீட்டுக்கு வந்தார். உதடெல்லாம் வெடித்திருந்தது. திண்பண்டம் எதையும் தொடாமல், தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“அந்தக் குருவியள் காலையில இருந்து வந்து வந்து குந்திக்கிட்டே இரிந்த. நான் மௌத்தாகுறதப் பாத்துக்கிட்டு இரிக்கி எண்டுதான் நெனச்சன். அதால கையத் தூக்கித் தூக்கி வெரட்டினன்.”

“நீங்க வெரட்டினதாலதான் நான் பாத்தேன்,” என்றார் உம்மா. உதுமாலெவ்வை தலை நிமிர்ந்தார். 

பெரியவாப்பா மன்னிப்பென்று எதுவும் கேட்கவில்லை. அந்தக் காலத்து ஆண்களுக்கு அது வராது. மறுநாள் காலை, தொழுதுவிட்டு வந்தவர், கண்ணாடியைத் தானே எடுத்துவந்து உம்மாவின் பக்கத்தில் வைத்தார். “களப்புக்குப் போறீங்களா தங்கச்சி? நானும் வாறன். எனக்கும் அந்த வாத்தக் காட்டுங்க.” சேற்றில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எங்களோடு நடந்த பள்ளிவாசல் மரைக்காரை ஊர் முழுக்கப் பார்த்தது. அதற்குமேல் கதை எதுவும் வரவில்லை.

நாங்கள் பண்டாரவளைக்கு வந்து சேருமுன்பே செய்தி பஸ் கொண்டக்டர் வாயாக வாப்பாவை எட்டியிருந்தது. இரவு சாப்பாடு முடிந்ததும் உம்மாவை முழுக்கச் சொல்லச் சொன்னார். முடிந்ததும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு விளக்கடியில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி உப்பும் மணலும் எடுத்து, விடியும்வரை துடைத்தார். மறுநாளிலிருந்து கடைக்கு வந்த ஒவ்வொருவரும், தோட்டத்திலிருந்து சம்பளத்துக்குப் பிறகு வருகிறவர்கள் உட்பட, அந்தக் கதையைக் கேட்காமல் மணிக்கூட்டை எடுத்துக்கொண்டு போக முடியவில்லை. ராமையாவும் ஒருநாள் வந்தார். கேட்டு முடித்தவர், “தொரை இத வச்சுக்கிட்டு அஞ்சாறு வருசம் பாத்தாருங்க. இப்படி ஒண்ண அவரு பாக்கல,” என்றார். வாப்பா சிரித்ததை அன்றைக்குத்தான் பல் தெரியப் பார்த்தேன்.

பிறகு பல டிசம்பர்களில் மொனராகலை பஸ்ஸில் எங்களுக்கு ஒரு பொதி வரும். கருவாடு. அனுப்பியவர் பெயர் இருக்காது. எண்பதுகளில் பாதைகள் பயம் பிடித்தவையாகி, பஸ்கள் நின்று, அந்தப் பொதியும் நின்றது. வாப்பாவும் போய், கடையும் கைமாறி, அந்த இடத்தில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். பொத்துவில்லுக்கு இரண்டு வருஷம் முன்பு போனேன். மணல்மேட்டை வெட்டிச் சமப்படுத்தி விடுதி கட்டியிருக்கிறார்கள். களப்பின் ஒரு பக்கம் மண் நிரப்பி வேலி போட்டாயிற்று. வாத்துகள் வந்திருந்தன, நூறு இருக்கலாம். உதுமாலெவ்வையும் கலீலும் அவரவர் கட்டிலில், வயதாகி மௌத்தானார்கள் என்று சொன்னார்கள். அது போதும் என்று எனக்குத் தோன்றியது.

உம்மா போன மறுநாள் மரணத்தைப் பதிவு செய்ய நான்தான் போனேன். வரிசையில் பத்துப் பன்னிரண்டு பேர். பதிவாளர் இளைஞர், பெயரும் வயதும் எழுதி, ‘தொழில்’ என்ற இடத்துக்கு வந்ததும், “வீட்டுலதானே இருந்தாங்க?” என்று கேட்டுக்கொண்டே ஒரு கோடு போட்டார். 

“பறவை பாக்குறவங்கன்னு எழுதுங்க,” என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். “அப்படி ஒரு தொழில் எழுத ஏலாதே மிஸ்.”

எழுத ஏலாது என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அங்கேயே நின்று, அந்த டிசம்பரை அவருக்குச் சொன்னேன். அழாமல்தான் சொன்னேன். முதலில் அவர் பேனையைக் கையில் வைத்திருந்தார். பிறகு கீழே வைத்துவிட்டார். பின்னால் நின்றவர்களில் ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. இரண்டொருவர் வரிசையை விட்டு முன்னால் வந்து நின்று கேட்டார்கள். 

கோடு கோடாகவே இருந்தது. அவர் முத்திரை குத்தினார், மை காயும்வரை ஊதினார். பிறகு நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து நின்று, அந்தக் கடுதாசியை இரண்டு கைகளாலும் எடுத்து என்னிடம் கொடுத்தார்.